மீட்டருக்கு மேல் போன குழாய்

மதுரை நகர் காவல் நிலையம். 1983 ஜூன் 11, சனிக்கிழமை, காலை 10.30 மணி.

பெயர் செல்லக்கிளி. வயது 29. தகப்பனார் பெயர் வீரணன். பரவை, மேலத் தெரு, கதவு எண் 14இல் பெற்றோருடன் குடியிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ படித்திருக்கிறேன். பசுமலையில் உள்ள குளிர்சாதன ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஏழு வருடமாக வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. நானாக வந்து உதவி ஆய்வாளர் பால்பாண்டி அவர்கள் முன்பு சொல்வதாவது:

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஜெயக்கொடி என்பவர் ஜவுளிக்கடை நடத்துகிறார். இடம் போதாமல் பக்கத்திலேயே மூன்று மாடிக் கட்டடம் கட்ட ஏற்பாடு செய்து, 1981 ஆகஸ்டு மாதம் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார். சென்னையிலிருந்து வரவழைத்த திட்டம் ஒன்று அவர் கையில் இருந்தது. அறுபது டன் குளிர்சாதன இயந்திரம் போட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மின்வெட்டு இருக்கும் நிலைமையில் அவ்வளவு பெரிய இணைப்புத் தர முடியாது என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "சித்திரையில கல்யாணச் சேலை எடுக்க வாரவுக பத்து நிமிஷத்துல வேர்த்து ஊத்திப் பாதியில எந்திரிச்சுப் போயிர்றாக. ஒரு குடும்பம் உக்காந்து நிதானமா நாலு சேலை பாக்கணும்மா. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யி" என்றார். அந்த வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு கட்டடம் முழுவதற்கும் நான் தனியாக வடிவமைத்தது அதுவே முதல் தடவை.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இயந்திரத்தின் அளவை முடிவு செய்யக் கூடாது என்பதால், நான் அவருடைய பழைய கடையில் நான்கு நாள் ஆறு வெப்பமானிகளுடன் உட்கார்ந்தேன். வேலை செய்யும் பெண்கள் நான் வருமானவரி ஆள் என்று நினைத்து முதல் நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கடையில் நூறு வாட் குண்டு பல்புகள் நானூற்றுப் பன்னிரண்டு எரிந்தன. அது நாற்பது கிலோவாட்டுக்கு மேல். துணியைக் காட்டுவதற்காக ஒரு பெரிய அடுப்பைத் தலைக்கு மேல் எரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்தபடி மேற்குச் சுவரும் மொட்டை மாடியும். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் என்னால் கையை வைத்திருக்க முடியவில்லை.

இதையெல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம், புதிய கட்டடத்தின் மீட்டர் ஏன் குறைவாக ஓடியது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

அதன் பிறகு நான் ஏழு மாதம் வரைபடம் போட்டேன். குண்டு பல்புகளை எடுத்துவிட்டு இருநூற்றுப் பத்து டியூப் லைட் போட எழுதினேன். ஜெயக்கொடி அதற்குச் சம்மதிக்கவில்லை. "டியூப் லைட்டுல மயில் கழுத்துப் பட்டு வெளிறித் தெரியும். கட்டுறவுக வீட்டுல போயி என்னையத்தான் வைவாக" என்றார். அவர் சொன்னது சரி என்று அடுத்த நாள் ஒரு சேலையை விரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் பட்டுப் பிரிவை வடக்குப் பக்கம் மாற்றி, அங்கே தரையிலிருந்து கூரை வரை ஜன்னல் வைத்தேன். வடக்கு வெளிச்சத்தில் வெயில் இல்லை, நிறம் மாறுவதும் இல்லை. மேற்கில் ஒரு சுவருக்குப் பதில் முக்கால் அடி இடைவெளி விட்டு இரண்டு சுவர் எழுப்பி, வெளிச்சுவரில் காற்றுப் போக ஓட்டைகள் விட்ட செங்கல் ஜாலி வைத்ததில், சூடான காற்று இடைவெளியிலேயே மேலேறிப் போய்விட்டது. மொட்டை மாடியில் மண் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு, வெள்ளை அடிக்கச் சொன்னேன்.

அந்த மனையில் ஒரு கிணறு இருந்தது. மூடிவிடச் சொல்லியிருந்தார்கள். நான் மூட விடவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு குதிரைச் சக்தி பம்பு மூலம் ஏற்றி, தேங்காய் நார் அடைத்த பெரிய சட்டங்களின் மேல் வழியவிட்டு, வெளிக்காற்றை அதன் ஊடாக இழுத்து ஒரு பெரிய ஊதுவிசிறியால் மூன்று மாடிக்கும் அனுப்பினேன். சென்னைத் திட்டத்தின் அறுபது டன்னுக்குப் பதில் பட்டுப் பிரிவுக்கு மட்டும் ஏழரை டன் இயந்திரம் வைத்தேன். கணக்குப்படி ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது யூனிட்டுக்குள் ஓட வேண்டும். அதே அளவுள்ள மற்ற கடைகளில் எழுநூறு யூனிட்டுக்கு மேல் ஓடும்.

மின் வேலை முழுவதையும் சோழவந்தானைச் சேர்ந்த மருது, வயது சுமார் 36, செய்தார். அரசு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். நான் பார்த்தவரையில் ஒரு இணைப்பைக்கூட நாடா சுற்றாமல் விட்டதில்லை. 1982 செப்டம்பரில் குழாய் பதிக்கும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய் வரைபடத்தில் மீட்டர் பெட்டிக்கு நேர் மேலே போவதைப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கரண்டுப் பெட்டிக்கு மேல தண்ணிக் குழாயா? வேண்டாம்மா. அங்கிட்டுச் சுத்திக் கொண்டு போவோம்."

"சுத்துனா இருபது அடி கூடும்ணே. நாலு வளைவு வேற. பம்புக்கு அம்புட்டும் கூடுதல் வேலை."

"கூடட்டுமே."

"இணைப்பை நல்லா இறுக்கிட்டா ஒழுகாதுண்ணே" என்று சொல்லிவிட்டேன். மருது என் வரைபடத்தின்படியே விட்டுவிட்டார். இருபது அடிக் குழாயை மிச்சப்படுத்தியதில் எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு 1983 தை மாதம் கடை திறந்தது. மார்ச்சு, ஏப்ரலில் வெயில் ஏறியது. வெளியே நூற்று நான்கு டிகிரி இருந்த ஒரு மத்தியானத்தில் கீழ்த்தளம் எண்பத்தைந்து, பட்டுப் பிரிவு எழுபத்தெட்டு. ஒரு கல்யாண வீட்டார் பதினோரு பேர் காலை பத்து மணிக்கு வந்து இரண்டு மணி வரை இருந்தார்கள். அவர்களுடன் வந்த கைக்குழந்தை ஜமக்காளத்தில் தூங்கிவிட்டது. ஜெயக்கொடி என்னைக் கூப்பிட்டு அந்தக் குழந்தையைக் காட்டினார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் கடைசியில், அழகர் ஆற்றில் இறங்கிய நாளன்று கடைக்கு விடுமுறை. ஆள் இல்லாத கட்டடத்தின் வெப்பநிலையை எடுப்பதற்காக நான் காலை ஒன்பது மணிக்குப் போனேன். காவலாளி முத்திருளன் கதவைத் திறந்துவிட்டு அழகரைச் சேவிக்கப் போய்விட்டார். மருதுவும் குடும்பத்துடன் ஆற்றுக்குப் போயிருந்தார். நான் பம்பை ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கீழே வந்தபோது, மருது வேண்டாம் என்று சொன்ன அந்தக் குழாயின் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் மீட்டர் பெட்டியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளேயும் போய்க்கொண்டிருந்தது.

உடனே பம்பை நிறுத்தினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். ஆனால் மீட்டர் வரை வரும் மின்சாரத்தை என்னால் நிறுத்த முடியாது. மின்வாரிய அலுவலகத்துக்குக் கடைத் தொலைபேசியிலிருந்து இரண்டு முறை பேசிப் பார்த்தேன், விடுமுறை நாள் என்பதால் யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு மரப்பலகை மேல் நின்று, பிடியில் ரப்பர் உறை போட்ட குறடால், பெட்டிக்கு மின்வாரியம் வைத்திருந்த ஈய முத்திரையின் கம்பியை அறுத்துப் பெட்டியைத் திறந்தேன். மீட்டரை நான் தொடவில்லை. பெட்டியின் உள்பக்கத் தகரத்தில் நின்ற தண்ணீரை மர அளவுகோலில் துணி சுற்றி ஒற்றி எடுத்தேன். இரண்டு மணி நேரம் திறந்து வைத்துக் காய்ந்த பிறகு கதவை மூடினேன். குழாய் இணைப்பையும் நானே சணல் வைத்து இறுக்கினேன்.

நான் செய்த குற்றம் இனிமேல் வருவது. மறுநாளே மின்வாரியத்துக்கு எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். கடிதம் எழுதவும் செய்தேன். எழுதும்போது, தண்ணீர் எப்படி வந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். குழாயை அங்கே போட்டது யார் என்று கேட்பார்கள். மருது வேண்டாம் என்றது ஜெயக்கொடிக்கும் தெரியவரும். ஆகவே கடிதத்தை அனுப்பவில்லை. அறுந்த கம்பியின் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, முன்பு இருந்ததுபோல் தோன்றும்படி விட்டுவிட்டேன்.

மே 24ஆம் தேதி மின்வாரியத்தின் சோதனைக் குழு கடைக்கு வந்தது. பக்கத்துக் கடைகளில் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே ஓடுகிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். பெட்டியைப் பார்த்தார்கள். முறுக்கிய கம்பி கையோடு வந்துவிட்டது. உதவிப் பொறியாளர் முத்துக்கருப்பன் அதை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டார். மீட்டரில் பதிவாகாமல் திருட்டுத்தனமாக மின்சாரம் எடுக்கப்பட்டதாக இந்த நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. வயரிங் செய்தவர் என்ற முறையில் மருது விசாரணைக்கு அழைக்கப்பட்டு, அவருடைய உரிமப் புத்தகம் வாங்கி வைக்கப்பட்டது. அந்தப் புத்தகம் இல்லாமல் அவர் எங்கும் வேலை எடுக்க முடியாது.

மறுநாள் கடையில் விசாரித்தபோது நானும் இருந்தேன். "அந்தப் பெட்டிப் பக்கம் நான் கையே வைக்கலைங்கய்யா. கனெக்ஷன் குடுத்த அன்னிக்குப் பூட்டுனது பூட்டுனதுதான்" என்று மருது சொன்னார். நான் வரைபடங்களை விரித்து, மின்சாரம் ஏன் குறைவாகச் செலவாகிறது என்பதை மட்டும் ஒரு மணி நேரம் விளக்கினேன். முத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மருது என் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே, என் வரைபடம் காற்றில் பறக்காமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு நான்கு நாள் போயிற்று. மே 29, ஞாயிற்றுக்கிழமை காலை, மருதுவின் மனைவி தங்கப்பொண்ணு பரவைக்கு என் வீட்டைத் தேடி வந்தார். ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் தாயாரிடம் கொடுத்தார்.

"நீங்க படிச்சவுக. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாக" என்று என்னிடம் சொன்னார். "அவரு சாப்பாட்டுல உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குறாரு. ஒரு வாய் வைக்காமத் தட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. யாரு தொட்டிருப்பா, யாரு தொட்டிருப்பான்னு அதே பேச்சு. உங்க மேல ரொம்ப மதிப்பு வச்சிருக்காரு. தங்கச்சி எனக்காகப் பேசும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

நான், "பேசுறேன் மதினி. இன்னிக்கே பேசுறேன்" என்றேன். அவருக்குக் காப்பி கொடுத்துப் பேருந்து ஏற்றிவிட்டேன். அடுத்த பேருந்தில் ஏறி மதுரைக்குப் போய் உதவிப் பொறியாளர் முத்துக்கருப்பனின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் பனியனுடன் வந்து, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இதை எங்கிட்டச் சொன்னாப் பத்தாதும்மா, ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்" என்றார். "ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோங்க. முத்திரையை அறுத்தது நீங்கன்னு ஒத்துக்கிட்டாச்சு. இனிமே அந்தக் கணக்கு ஒரு யூனிட்டு கூடப் பொய்யா வந்துச்சுன்னா, தண்ணி ஒழுகுச்சுன்னு நீங்க சொல்றதை எவனும் நம்ப மாட்டான். திருடுனது நீங்கன்னுதான் முடியும்."

"உங்க மீட்டரையே கொண்டாந்து மாட்டுங்க சார். ஏழு நாள் ஓடட்டும். எங்க ஆளு யாரும் பக்கத்துல வர மாட்டாக. வர்ற கணக்கை எழுதுங்க. அதையும் சேத்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்குறேன்" என்றேன்.

ஜூன் 2ஆம் தேதி காலை, வாரியத்தின் சோதனை மீட்டர் ஒன்று எங்கள் மீட்டருக்கு முன்னால், தெருக் கம்பத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டப்பட்டது. காவலுக்கு ஒரு மின்பாதை ஆய்வாளர் உட்கார வைக்கப்பட்டார். ஜெயக்கொடியிடம் அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, "ஏம்மா, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் நார்ச் சட்டத்தின் தண்ணீர் காயாது, காற்றும் குளிராது. அன்று பிற்பகல் கீழ்த்தளத்தில் புழுக்கம் தாங்காமல் ஆட்கள் விசிறிக்குக் கீழே கூடிவிட்டார்கள். ஜெயக்கொடி மாடிப்படியில் நின்று, "எல்லா விசிறியும் போட்ரவா? ஏசியை முழுசாத் திருப்பிரவா? கணக்குக் கூடிப்போகும்னா வேண்டாம். இன்னும் நாலு நாளைக்குச் சமாளிச்சுக்கிருவோம்" என்று கேட்டார். அவர் எனக்காகக் கேட்டார். நான், "எல்லாத்தையும் போடுங்கய்யா. சேலை எடுக்க வந்தவுக வேர்க்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கட்டடம்" என்றேன். பம்பை மட்டும் நிறுத்தி, மழைக்குக் குளிர்ந்திருந்த வெளிக்காற்றை நேராக உள்ளே தள்ளச் செய்தேன். அரைமணியில் கூட்டம் கலைந்து அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்று மட்டும் இருநூற்று எழுபது யூனிட் ஓடியது.

ஜூன் 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு முத்துக்கருப்பன் வந்து இரண்டு மீட்டரையும் படித்தார். எங்கள் மீட்டரில் ஏழு நாளைக்கு 1694 யூனிட். அவருடைய மீட்டரில் 1701. ஏழு யூனிட் வித்தியாசம் மீட்டருக்கு மீட்டர் வழக்கமாக வருவதுதான். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு மின்பாதை ஆய்வாளரைப் படிக்கச் சொன்னார். அதன் பிறகு மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். மத்தியானம் வரை மேற்குச் சுவர், கிணறு, நார்ச் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரு மணி வெயிலில் மறுபடி மாடிக்கு ஏறி, பூட்சையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் வெள்ளைத் தளத்தில் நின்றார். சுற்றிலும் இருந்த மாடிகளில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. அவர் ஒரு காலை மாற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க ஆபீசு மாடிக்கு எம்புட்டுப் பானை வேணும்?" என்று கேட்டார்.

"நீளம் அகலம் சொன்னீங்கன்னா நாளைக்கே சொல்றேன் சார்."

மின்சாரம் திருடப்படவில்லை என்று அவர் எழுதிய அறிக்கையின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அனுமதியின்றி முத்திரையை அகற்றியதற்கும் தெரிவிக்காமல் மறைத்ததற்கும் வாரியம் தனியாக நடவடிக்கை எடுக்கும் என்று சொல்லியிருக்கிறார். அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நேற்று, ஜூன் 10ஆம் தேதி, சோழவந்தானுக்கு மருதுவின் வீட்டுக்குப் போனேன். அவர் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வந்தார். வரப்பிலேயே நிறுத்தி, முத்திரையை அறுத்தது நான்தான் என்று சொன்னேன். அழகர் இறங்கிய அன்று நடந்தது, கடிதம் அனுப்பாதது, விசாரணையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து உதறித் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வாரமா, நமக்கே தெரியாம நாமதான் எதையாச்சும் சரியாப் பூட்டாம விட்டுட்டமோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. என் கை வேலை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னைய மன்னிச்சிருண்ணே."

அவர், "அந்தக் குழாய் இன்னும் அங்கனதான் போகுதா?" என்று கேட்டார்.

"அங்கனதாண்ணே போகுது."

"அப்ப முதல்ல அதைக் கழட்டணும். திங்கக்கிழமை காலையில வாரேன். கெழக்குச் சுவரோட சுத்திக் கொண்டு போயிருவோம். இருபது அடி கூடும். கூடட்டும்" என்றார். அதன் பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ தங்கப்பொண்ணு, தங்கச்சி வந்துருக்கு, ரெண்டு பேருக்கும் சோறு வையி" என்று சத்தம் போட்டார். தங்கப்பொண்ணு இலை போட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மருது மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வாங்கி வைத்துள்ள அவருடைய உரிமப் புத்தகத்தைத் திங்கட்கிழமைக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மீட்டர் பெட்டியை ஒட்டிய வேலை என்பதால், அது இல்லாமல் அவரால் அதைத் தொட முடியாது.

நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தலைமைக் காவலர் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் ஒரு தடவை வாசித்துக்கொண்டேன். இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்று என் மனசார ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வீ. செல்லக்கிளி

என் முன்பு பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) பால்பாண்டி, உதவி ஆய்வாளர்